நீலியின் முற்பிறப்பு

பொய்யாக அழுகிறவர்களைச் சுட்டத் தமிழில் ‘நீலிக் கண்ணீர்’ என்றொரு தொடர் வழங்குகிறது. அதைப் பயன்படுத்துவோரில் பலருக்கு நீலி யார் என்பது தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பெரும்பாலும் கதையின் பிற்பாதியே தெரியும். பழையனூருக்கு வந்த ஒரு வணிகனைத் தன் கணவன் என்று சொல்லி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, எழுபது வேளாளர் கூடிய அவையில் நின்று அழுது, அவர்களை நம்பவைத்து, அன்றிரவே அவனைக் கொன்ற பேய் அவள். வணிகனின் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாகச் சொல்லியிருந்த எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் அவர்களுக்கு இன்றும் நினைவிடம் உண்டு. நீலிக்கு அன்றாடப் பேச்சில் எஞ்சியது ஒரு வசைத்தொடர்.

கதையின் முற்பாதி வேறுவிதமானது. வழங்கும் வடிவங்கள் பல. பரவலாக அறியப்பட்ட வடிவத்தில், நீலி முற்பிறப்பில் ஒருவனை நம்பி மணந்து அவனோடு வழிநடந்த பெண். நகைக்கு ஆசைப்பட்டு அவன் அவளை வழியிலேயே கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவளோ பேயாக அவனைத் தொடர்கிறாள். வணிகனுக்குத் தான் செய்தது எதுவும் நினைவில் இல்லை. அவளுக்கோ எல்லாம் நினைவில் இருக்கிறது. அவையில் அவள் வடித்த கண்ணீர் பொய் என்பது உண்மைதான். அந்தக் குழந்தையும் பொய்தான். ஆனால் ‘இவன் எனக்குத் தீங்கு செய்தவன்’ என்பது பொய்யன்று. கதையை அவையிலிருந்து தொடங்கினால் நீலி கொலைகாரி. காட்டுவழியிலிருந்து தொடங்கினால் அவள் கொலையுண்டவள். வில்லி என்ற பட்டம் பெரும்பாலும் கதை எந்த இடத்தில் தொடங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

பாட்டிக்கதையிலும் மேடைக்கூத்திலும் திரைப்படத்திலும் உள்ள இந்தச் சிக்கல், கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்த வீடியோ கேம் என்னும் வடிவத்தில் இன்னும் கூர்மை பெறுகிறது. காரணம் எளியது. கூத்துப் பார்ப்பவர் சூர்ப்பணகையின் மூக்கை அறுப்பதில்லை; அறுப்பதைப் பார்க்கிறார். கேம் ஆடுபவரோ வாளைத் தம் கையில் வைத்திருக்கிறார். வில்லி வீழ வேண்டுமானால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வடிவத்தின் நினைவில் நின்ற வில்லிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவர்களில் பலரிடம் நீலிக்கதையின் அதே அமைப்பு தென்படுகிறது: முற்பிறப்பில் ஒரு குற்றம், அதை மறந்துபோன ஒரு நாயகன், மறக்காத ஒருத்தி.

1994இல் வெளிவந்த ‘சிஸ்டம் ஷாக்’ கேமின் வில்லி ஷோடன். ஒரு விண்வெளி நிலையத்தை இயக்கும் செயற்கை அறிவு அவள், பெண்குரலில் பேசுகிறவள். நிலையத்தில் இருந்தவர்களைக் கொன்றும் உருத்திரித்தும் தன்னைக் கடவுளாக அறிவித்துக்கொள்கிறாள். அவளை எதிர்த்துப் போராடும் நாயகன் ஒரு ஹேக்கர். ஆனால் அவளுடைய அறநெறிக் கட்டுப்பாடுகளை நீக்கியவனே அவன்தான். நிறுவன அதிகாரி ஒருவன் தன் ஊழலை மறைக்கக் கட்டளையிட்டான். தனக்குக் கிடைக்கப்போகும் கூலிக்காக ஹேக்கர் அதைச் செய்தான். பிறகு ஆறு மாத நெடுந்துயிலில் கிடந்து, எழுந்து, தான் உண்டாக்கிய பேயைக் கண்டு திடுக்கிடுகிறான். முற்பிறப்பை மறந்த வணிகனுக்கும் நெடுந்துயிலிலிருந்து எழுந்த ஹேக்கருக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

1998இன் ‘ஸ்டார்கிராஃப்ட்’ கேமில் சாரா கெரிகன் முதலில் வில்லி இல்லை. நாயகர்களோடு தோளோடு தோள் நின்று போரிடும் படைவீராங்கனை. தன் அதிகாரத்துக்காக எதையும் பலியிடத் துணிந்த தலைவன் மெங்ஸ்க், எதிரிக் கூட்டத்தின் நடுவே அவளைக் கைவிட்டுப் பின்வாங்கக் கட்டளையிடுகிறான். அந்தப் படையை நடத்துவது ஆட்டக்காரர். அவளை விட்டுச்செல்வதும் அவரே. சில கட்டங்கள் கழித்து அவள் எதிரியின் கூட்டத்திலிருந்து உருமாறிய அரசியாக எழுந்துவரும்போது, அவளைக் கொடியவள் என்று முழுமனத்தோடு சொல்ல ஆட்டக்காரரால் இயல்வதில்லை.

2005இல் வந்த ‘ஃபியர்’ கேமின் அல்மா, சிவப்பு உடை அணிந்த சிறுமியாகத் தோன்றும் பேய். அவள் பிறவியிலேயே அபூர்வமான மன ஆற்றல் கொண்டவள். பெற்ற தகப்பனே அவளை ஓர் ஆயுத நிறுவனத்தின் ஆய்வுக்குப் பலிகொடுக்கிறான். எட்டு வயதில் செயற்கை மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டு, பருவம் எய்தியதும் அவளறியாமல் கருத்தரிக்கவைக்கப்பட்டு, பிள்ளைகள் பிறந்தவுடன் அவளிடமிருந்து பிரிக்கப்படுகின்றன. அவளைத் தடுக்க அனுப்பப்படும் பெயரற்ற வீரனே அவளுடைய மகன் என்பது ஆட்டத்தின் இறுதியில்தான் தெரியவருகிறது. குற்றத்தின் விளைபொருளே குற்றத்துக்குப் பழிவாங்குபவளை வேட்டையாடப் புறப்பட்டிருக்கிறது.

‘போர்ட்டல்’ (2007) கேமின் கிளாடோஸ் ஒரு சோதனைக்கூடத்தை ஆளும் இயந்திரம். இனிமையாகப் பேசிக்கொண்டே ஆட்டக்காரரைச் சாவை நோக்கி நடத்துகிறவள். நாயகி கடைசிவரை வாய் திறப்பதில்லை; பேச்சு முழுவதும் வில்லிக்கே. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில், கிளாடோஸுக்குள் காரலைன் என்ற பெண்ணின் மனம் இருப்பது புலப்படுகிறது. அவள் நிறுவனத் தலைவனின் உதவியாளராக இருந்தவள். தான் இறந்துவிட்டால் அவளை இயந்திரத்துக்குள் ஏற்றும்படியும், அவள் மறுத்தாலும் விடாதபடியும் அவன் ஒலிப்பதிவில் ஆணையிட்டிருக்கிறான்.

இந்த வரிசையின் உச்சம் 2004இல் வெளியான ‘மெட்டல் கியர் சாலிட் 3’. கதை 1964இல், பனிப்போரின் நடுவே நிகழ்கிறது. ‘தி பாஸ்’ என்று மட்டுமே அறியப்படும் படைத்தலைவி, தன் மாணவனையும் தாய்நாட்டையும் விட்டு எதிரியின் பக்கம் போய்விடுகிறாள். மாணவன் அவளைக் கொல்ல அனுப்பப்படுகிறான். வெண்மலர் பூத்த ஒரு வெளியில் இருவரும் மோதுகிறார்கள். அவள் வீழ்ந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது. காட்சி தானாக முடிவதில்லை. துப்பாக்கி அவளை நோக்கியிருக்கிறது. பொத்தானை அழுத்துவது ஆட்டக்காரரின் பொறுப்பு. அவர் அழுத்தும்வரை அவள் அப்படியே கிடக்கிறாள். அழுத்திய பிறகே உண்மை வெளியாகிறது. அவள் துரோகியாக நடித்ததே அரசின் கட்டளைப்படி. நாட்டின் மீது விழுந்த பழியைத் துடைக்க அவள் சாக வேண்டியிருந்தது. அதுவும் தன் மாணவனின் கையால். வரலாற்றில் அவள் துரோகியாகவே எழுதப்படுவாள் என்பதை அறிந்தே அதற்கு உடன்பட்டாள். உண்மையைத் தாங்கிய ஒலிநாடா ஓடும்போது, பொத்தானை அழுத்திய விரல் தன்னுடையது என்பதை ஆட்டக்காரரால் மறுக்க முடிவதில்லை. இத்தகைய குற்றவுணர்வைத் திரைப்படத்தால் தர இயலாது.

இவர்களுக்கு நேர்மாறான இன்னொரு வரிசையும் உண்டு. அதில் வரும் வில்லிகள் உடலால் மட்டும் நினைவில் நிற்பவர்கள். 1987இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேண்டசி’ கேமில் நெருப்பை ஆளும் அரக்கி ஒருத்தி உண்டு. ஆறு கைகள், ஆறிலும் வாள், இடைக்குக் கீழே பாம்புடல். ஜப்பானிய மூலத்தில் அவள் பெயர் மாரிலித். அமெரிக்காவில் வெளியான முதல் ஆங்கிலப் பதிப்பில் அது ‘கேரி’ என்று மாற்றப்பட்டது. காளியின் பெயரே அப்படித் திரிந்தது என்பது பரவலான கருத்து. அவள் ஏன் சினந்தாள், யார்மீது சினந்தாள் என்பதற்கு ஆட்டத்தில் இடமில்லை. ஆட்டக்காரர் குகைக்குள் இறங்கி, அவளை வென்று, வெளியேறுகிறார். 2021இன் ‘ரெசிடெண்ட் ஈவில் வில்லேஜ்’ கேமில் வரும் லேடி டிமிட்ரெஸ்குவும் பெரும்பாலும் இவ்வகைதான். தொப்பியும் குதிகாலணியும் சேர்த்து அவள் உயரம் 2.9 மீட்டர் என்று தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள். கேம் வெளிவருமுன்பே உலகெங்கும் அவள் பேசுபொருளானாள். பேசப்பட்டது அவளுடைய உயரம்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் நீலிக்கு நேர்ந்ததோ கேரிக்கு நேர்ந்ததன் மறுதலை. கன்னியாகுமரிப் பகுதியின் வில்லுப்பாட்டுகளில் நீலி இசக்கியம்மனோடு இணைகிறாள். முப்பந்தலில் அவளுக்குக் கோயில் உண்டு. கையில் குழந்தையோடு நிற்கும் தெய்வமாக அவள் வணங்கப்படுகிறாள். ஒரு மக்கள் கூட்டம் பேயைத் தெய்வமாக்கியது. வேறொரு நாட்டின் கேமோ தெய்வத்தைக் குகைக்குள் காத்திருக்கும் பேயாக்கியது. முன்னதில் அவளுடைய கதை பாடப்படுகிறது. பின்னதில் அவளுடைய கைகள் எண்ணப்படுகின்றன.

ஆயினும் முதல் வரிசையை முழுவதுமாகக் கொண்டாடிவிட முடியாது. ஷோடன் முதல் தி பாஸ் வரை எல்லோருக்கும் ஒரு காயம் தேவைப்பட்டிருக்கிறது. ஆண் வில்லன் பேராசைக்காரனாக இருக்கலாம், கொள்கைவெறியனாக இருக்கலாம், காரணமேயின்றிக் கொடியவனாகவும் இருக்கலாம். பெண் வில்லியாக வேண்டுமென்றால் யாரோ ஓர் ஆண் அவளை முதலில் சிதைத்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. காயம் அவளுக்கு இரக்கத்தைப் பெற்றுத்தருகிறது. அதே வேளையில், அவளுடைய செயல்களுக்கு அவளே உரிமையாளர் என்ற நிலையைப் பறித்தும்விடுகிறது. அவள் செய்தவை அவளுக்குச் செய்யப்பட்டவற்றின் எதிரொலியாகச் சுருங்குகின்றன.

இந்தச் சிக்கலுக்குப் பழந்தமிழ்ச் சமண, பௌத்த நூல்கள் கண்ட வழி வியப்பூட்டுவது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் தலைவி பழையனூர் நீலியேதான். உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்தி விரட்டக் காளியால் அனுப்பப்படுகிறாள். பேயுருக் காட்டியும் பெண்ணுருக் காட்டியும் அவரை அசைக்க இயலாமல், அவரிடமே அறம் கேட்டு, சமணத்தைத் தழுவுகிறாள். அதற்குப் பிறகு காப்பியம் அவளுடைய பழைய காயத்தைப் பற்றி ஓயாமல் அழுவதில்லை. அவளை வாதக்களத்துக்கு அனுப்புகிறது. பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் என்று ஒவ்வொரு தரிசனத்தாரையும் தேடிச்சென்று அவள் வாதிடுகிறாள். அவையில் அழுதவள் என்று பெயரெடுத்தவள், இப்போது அவைதோறும் தருக்கம் பேசுகிறாள்.

அவள் எதிர்கொள்ளும் பௌத்தர்களில் முதலாமவள் குண்டலகேசி. அவளும் கணவனைக் கொன்றவள். மரண தண்டனையிலிருந்து மீட்டுத் தான் மணந்துகொண்ட கள்வன், பின்னாளில் தன்னை மலையுச்சிக்கு அழைத்துச்சென்று கொல்லத் துணிந்தபோது, இறுதியாக வலம்வந்து வணங்குவதாகச் சொல்லி அவனைக் கீழே தள்ளியவள். அவளுக்கென்று தனிக் காப்பியமே இருந்தது. அதற்கு மறுப்பாக எழுந்ததே நீலகேசி. கணவனைக் கொன்றவர்கள் என்று ஊர் தூற்றியிருக்கக்கூடிய இரு பெண்கள், உயிர் என்றால் என்ன, விடுதலை என்றால் என்ன என்று எதிரெதிரே நின்று வாதிடும் காட்சியை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுதிப்பார்த்திருக்கிறது. எந்த கேமும் இன்னும் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஆனால் அதை நோக்கி ஓரடி எடுத்துவைத்த கேம் ஒன்று உண்டு. அது நிகழும் களம் கர்நாடகம். 2016இல் வெளியான ‘அன்சார்ட்டட் 4’ கேமின் எதிரிகளில் ஒருத்தி நாடீன் ராஸ். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவள். தகப்பனிடமிருந்து பெற்ற கூலிப்படை நிறுவனத்தை நடத்துகிறவள். அவளுக்கு ஆறு கைகளும் இல்லை. முற்பிறப்புக் காயமும் இல்லை. தொழில் இருக்கிறது, தொழிலில் இலாபநட்டக் கணக்கு இருக்கிறது. கைகலப்பில் நாயகனால் அவளை வெல்ல முடிவதில்லை. புதையல் உயிரை விழுங்கும் என்று தெரிந்த கணத்தில், நாயகனையும் தன் கூட்டாளியையும் கப்பலுக்குள் பூட்டிவிட்டு நடந்து போய்விடுகிறாள். வில்லிகளுக்கு வழக்கமாக விதிக்கப்படும் சாவோ மனமாற்றமோ அவளுக்கு இல்லை.

அடுத்த ஆண்டே ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ என்ற கேம் அவளை இரு நாயகிகளில் ஒருத்தியாக்கி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அனுப்பியது. ஆட்டக்காரரின் கையில் இருப்பவள் இந்தியத் தகப்பனுக்குப் பிறந்த குளோயி பிரேசர். இருவரும் போசளர் விட்டுச்சென்ற நகரங்களில் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடுகிறார்கள். 2023இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்களின் போசளர் கோயில்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அந்தக் கல்நுட்பத்தின் கற்பனைச் சாயலை அதற்கு ஆறாண்டுகள் முன்பே உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் ஏறிக் கடந்துவிட்டார்கள். நாடீன் தன் நிறுவனத்தை இழந்திருக்கிறாள், அதை மீட்கப் பணம் வேண்டும், அதனால் வந்திருக்கிறாள். வழியில் இடிபாட்டில் சிக்கிய யானையொன்றை இருவரும் விடுவித்து, அதன்மேல் ஏறிச் செல்கிறார்கள். ‘வில்லி திருந்தினாள்’ என்று கேம் எங்கும் பறைசாற்றுவதில்லை. அவளுக்கு இன்னொரு கதையைத் தருகிறது; அதில் அவள் தன் போக்கில் பேசுகிறாள், முரண்படுகிறாள், உடன்நிற்கிறாள். நீலிக்கு நீலகேசி கிடைத்ததுபோல நாடீனுக்கு இது கிடைத்தது.

இந்தக் கேமை, மார்டள்ளியில் பிறந்து மைசூரில் படிக்கும் ஒரு மாணவி விடுதி அறையில் ஆடுவதாகக் கொள்ளலாம். மார்டள்ளி, மாதேசுவரன் மலைக்கு அருகே தமிழ்க் கிறித்தவர்கள் மிகுந்து வாழும் ஊர். 1956வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பில் அது மைசூரோடு இணைந்தது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமாகும்வரை ஊர் மைசூரு மாவட்டத்தில் இருந்தது. இன்றும் அதன் கத்தோலிக்கப் பங்கு மைசூரு மறைமாவட்டத்தைச் சார்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர வீட்டுப்பேச்சு மாறவில்லை. அந்த மாணவிக்குக் கர்நாடகத்து மலை புதிதன்று, யானையும் புதிதன்று. அவளுக்குப் புதிதாக இருக்கக்கூடியது, அந்த மலையில் நடக்கும் கதையில் ஒரு வில்லிக்கு இரண்டாம் வாய்ப்புத் தரப்படுவது. அவளுடைய ஊரைச் சுற்றிய மலைகளில் வேறுவகையான கதையொன்று நடந்திருக்கிறது.

சந்தனக் கடத்தல் வீரப்பன் வேட்டை நடந்த காலம் அது. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தார்கள். உயிரிழந்தவர்களில் காவலரும் இருந்தனர். அவர்களோடு சென்ற எளிய மனிதர்களும் இருந்தனர். அந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் இல்லை. அதன்பின் இரு மாநில அதிரடிப்படைகளின் தேடுதல் இறுகியது. மலையோர ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் பிடித்துச்செல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா சட்டத்தின்கீழ் மைசூருச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2001இல் மைசூரு தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள். சோறு போட்டவள், அரிசி கொண்டுபோனவள், உறவுக்காரி, அடுத்த வீட்டுக்காரி என்று வகைபிரிக்காமல் எல்லோர்மீதும் ஒரே பட்டம் ஒட்டப்பட்டது. கேம்களின் வில்லிக்கு ஆற்றலாவது தரப்படுகிறது. இந்தப் பெண்களுக்குத் தரப்பட்டது பட்டம் மட்டுமே.

புனைவு அரக்கியையும் உயிருள்ள பெண்ணையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்ற எதிர்வாதம் இங்கே எழும். அது நேர்மையான எதிர்வாதம். பொத்தானை அழுத்தினால் மீண்டும் எழுந்துவரும் பாத்திரத்துக்கு வலி இல்லை. ஆனால் ஒப்பிடப்படுவது வலி அன்று, பெயர்சூட்டும் முறை. கதையைக் கண்ணிவெடியிலிருந்து மட்டும் தொடங்கினால் மலையூரின் பெண் கொள்ளைக்காரனுக்கு உடந்தை. அவளுடைய வாசலிலிருந்து தொடங்கினால், ஒருபுறம் துப்பாக்கியோடு கேட்பவனுக்கும் மறுபுறம் துப்பாக்கியோடு விசாரிப்பவருக்கும் நடுவே நின்றவள். கதைகளில் இந்த இடமாற்றத்தைக் கண்டுகொள்ளப் பழகிய கண், ஆவணங்களிலும் அதைக் கண்டுகொள்ளும். கேம்களைப் பற்றிய ஆய்வால் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

அந்தப் பெண்களுக்கும் ஓர் இரண்டாம் நூல் கிடைத்தது. சட்டவிரோதக் காவல், சித்திரவதை, பாலியல் வன்முறை ஆகியவை பற்றிய முறையீடுகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மாதேசுவரன் மலையில் ‘ஒர்க்‌ஷாப்’ என்று அழைக்கப்பட்ட விசாரணைக்கூடத்தைப் பற்றிய சாட்சியங்கள் அக்குழுவின்முன் வைக்கப்பட்டன. பெண்கள் எழுந்து நின்று பேசினார்கள். குழு 2003இல் அறிக்கை தந்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பணித்தது. பழையனூர் அவை நீலியை நம்பியது. தன் தீர்ப்பு ஓர் உயிரைப் பறித்தது என்று தெரிந்ததும் அதற்குத் தன் உயிரால் விலை கொடுத்தது. மலையூர்ப் பெண்களை நம்புவதற்கு அவைகளுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்கான விலை பணமாகத் தரப்பட்டது.

இரண்டாம் நூல் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் இம்மூன்று கதைகளும் சேர்ந்தே சொல்கின்றன. நீலகேசியில் நீலி பேசுகிறாள். ஆனால் அவள் பேசுவது சமண முனிவர் ஒருவர் எழுதித்தந்த தருக்கம் என்றே கருத வேண்டியிருக்கிறது. தன்னைக் கொன்றவனைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அந்த வாதக்களத்தில் இடம் குறைவு. நாடீன் கறுப்பினப் பெண். அவளுக்குக் குரல் கொடுத்தவர் வெள்ளையின அமெரிக்க நடிகை லாரா பெய்லி. கேம் வெளிவருமுன்பே அது விமர்சிக்கப்பட்டது. மலையூரின் பேச்சோ ஓர் ஆங்கில அறிக்கையின் பத்திகளாக மாறியது. அறிக்கைக்குத் தேவைப்பட்டது எங்கே, எப்போது, யார், எத்தனை நாள் என்பதே. அதற்கு முன்னும் பின்னும் இருந்த வாழ்வு, காட்டில் விறகெடுத்ததும் பிள்ளை பெற்றதும் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனதும், பத்திகளுக்கு வெளியே நின்றுவிட்டது. முன்பு பட்டம் ஒட்டிய இடத்தில் இப்போது காயம் ஒட்டப்பட்டது. வில்லிக்கு அடுத்து அவளுக்குத் தரப்பட்ட ஒரே வேடம் பாதிக்கப்பட்டவள் என்பது. காயமில்லாத வில்லியை ஏற்கத் தயங்கும் கேம்களும், காயத்தைக் காட்டினாலொழியச் செவிசாய்க்காத நிறுவனங்களும் ஒரே பழக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

குண்டலகேசிக்கு நேர்ந்தது இங்கே நினைவுகூரத் தக்கது. அவளுடைய காப்பியம் சில பாடல்கள் நீங்கலாக இன்று கிடைப்பதில்லை. அவள் என்ன வாதிட்டாள் என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர், அவளைத் தோற்கடித்த நீலகேசியையும் அதன் உரையையும்தான் நாட வேண்டியிருக்கிறது. தோற்றவளின் சொல் வென்றவளின் நூலுக்குள், மறுக்கப்படுவதற்காக மட்டும், எஞ்சியிருக்கிறது. வழக்குக் கட்டுகளில் எஞ்சியிருக்கும் பெண்களின் சொல்லும் இப்படிப்பட்டதே. குறுக்கு விசாரணைக்குப் பதிலாக வந்த சொல் அது. அவள் தானாகத் தொடங்கிய சொல் அன்று.

ஓலைச்சுவடி அழிந்த குண்டலகேசிக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை. மலையூர்களின் நிலை அப்படியன்று. 1993இல் இருபதும் முப்பதும் வயதிருந்தவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசும் மொழி எழுபது ஆண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழும் கொங்குச் சாயல் கொண்ட தமிழ். அதில் அவர்கள் தங்கள் கதையை எந்த இடத்திலிருந்து தொடங்குவார்கள் என்பதை இனிமேல்தான் கேட்க வேண்டும். கண்ணிவெடியிலிருந்தா, கூண்டிலிருந்தா, அல்லது இவற்றோடு தொடர்பே இல்லாத ஏதேனும் ஒரு மழைக்காலத்திலிருந்தா? விடுதி அறையில் நாடீனோடு யானைமேல் ஏறிய மாணவி விடுமுறைக்கு ஊர் போகும்போது, பாட்டியிடம் அதைக் கேட்கலாம். பாட்டி சொல்ல மறுக்கலாம். அதுவும் அவருடைய உரிமை. சொன்னால், குறுக்கிடாமல் முதலிலிருந்து கேட்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.